ஜானைப் படம் எடுக்கும் முன் ஜானின் படங்களைத் தேடுங்கள்

மலையாள, தமிழ்த் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாம் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைக்கும் திரைப்படச் சங்கங்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்கப்போகும் பண்பாட்டு அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

2027இல் ஜானின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ படத்துக்கு 50 வயது. ஜான் கோழிக்கோட்டில் இறந்து 40 ஆண்டு. அவர் பிறந்தது 1937 ஆகஸ்ட் 11. ஆக, 90ஆவது பிறந்த நாளும் அதே வருடம்தான். ஐம்பது, தொண்ணூறு என்று கணக்கு கூடிவரும் வருடங்களில் ஆவணப்படத் திட்டங்களும் கூடிவரும். அந்தத் திட்ட அறிக்கைகள் எப்படி இருக்கும் என்பது படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, சுருள் பராமரிப்பு வேலைகளில் இருக்கும் எங்களுக்கு மனப்பாடம். முதல் தவணையில் கேமரா, ட்ரோன், பயணச் செலவு. இரண்டாம் தவணையில் பேட்டிகள். கடைசியில் மிச்சம் இருந்தால் ‘பழைய காட்சிகள் சேகரிப்பு’ என்று ஒரு வரி. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதல் தவணை முழுவதும் ஜான் எடுத்த படங்களுக்கும், அவர் உயிரோடு இருந்தபோது பதிவானவற்றுக்கும் போகட்டும். பேட்டி பிறகு. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

ஜான் விஷயத்தில் இது ஏன் இவ்வளவு அவசரம்? அவர் முடித்த முழுநீளப் படங்கள் நாலே நாலு. 1972இல் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’, 1977இல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’, 1979இல் ‘செறியாச்சன்டெ க்ரூர க்ருத்யங்கள்’, 1986இல் ‘அம்ம அறியான்’. இந்த நான்குக்கும் நடுவே கிடக்கும் வருடங்களை நிரப்பியிருப்பவை கதைகள். குடி, தாடி, நாடோடி. கேமரா முன் யாரை உட்காரவைத்தாலும் இந்த மூன்றும் தானாக வந்துவிடும். புனே திரைப்படக் கல்லூரியில் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர், மணி கவுலின் ‘உஸ்கி ரோட்டி’ என்ற இந்திப் படத்தில் உதவியாளராக வேலை செய்தவர், ஒரு ஷாட்டை எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்பது மட்டும் வராது. அது அவருடைய சுருள்களில்தான் இருக்கிறது. அந்தச் சுருள்கள் நமக்காகக் காத்திருக்காது.

அக்காலச் சுருள்கள் பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் ஆனவை. அது ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடி போலப் புளிப்பு வாடை அடித்தால், அதுதான் ‘வினிகர் சிண்ட்ரோம்’. வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். பக்கத்து டப்பாவுக்கும் பரவும். 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புது அசிடேட் சுருளில் இது தொடங்க ஏறக்குறைய 40 வருடம் ஆகும் என்று ஆய்வுக்கூடக் கணக்கு சொல்கிறது. சென்னையிலோ கோழிக்கோட்டிலோ ஒரு வீட்டுப் பரணில் அந்த 21 டிகிரி எந்த மாதத்தில் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏ-டி பட்டை என்று அமிலத்தைக் காட்டும் காகிதத் துண்டு உண்டு. டப்பாவுக்குள் ஒன்றைப் போட்டு மூடி, அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்கு மாறினால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் அந்தச் சுருளை உடனே தனியே பிரித்து வைத்து, ஸ்கேன் வரிசையில் முதலில் போடுங்கள். அடுத்து, சுருக்கம் அளப்பது. இதற்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலும் பொறுமையும் போதும். 35 மி.மீ. பிரிண்டில், அதாவது தியேட்டரில் ஓட்டும் பிரதியில், பக்கத்துத் துளைகள் 100ஐ எண்ணி அளந்தால் 475 மி.மீ. வர வேண்டும். 471 சொச்சம் வந்தால் சுருக்கம் 0.8 சதவீதத்தை எட்டிவிட்டது. அதைப் புரொஜெக்டரில் மாட்டினால் பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். அப்படிப்பட்ட சுருளுக்குப் பற்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான் சரி. லேபைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘ரோலரா, பல்லா?’ என்பதுதான். ‘எத்தனை கே?’, அதாவது ஸ்கேன் எவ்வளவு நுணுக்கம் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

‘சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோமே’ என்று யாராவது ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். கையால் சுற்றும் ரிவைண்டரில், வெள்ளை ஒளிப்பெட்டி மேல், நூல் சிந்தாத கையுறையோடு மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதே முதல் பார்வை. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதுங்கள், மூடியின் படமும் வேண்டும். படத்தின் நெகட்டிவா, ஒலியின் நெகட்டிவா, பிரிண்டா, ரீல் எண் என்ன, எத்தனை அடி, எத்தனை ஒட்டு, பட்டையின் நிறம் என்ன என்று எல்லாம் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும். பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டப்பாவுக்கு மாற்றும் உற்சாகிகள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

அடிக்கணக்கு ஏன்? ஒரு படம் முழுசாக இருக்கிறதா என்பதை அதுதான் சொல்லும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ‘அம்ம அறியான்’ 115 நிமிடம் என்றால் 10,350 அடி, அதாவது ஏறக்குறைய 3,155 மீட்டர். டப்பாக்களில் இருப்பதைக் கூட்டினால் 200 அடி குறைகிறது என்று வையுங்கள். 2 நிமிடம் 13 நொடிப் படம் காணாமல் போயிருக்கிறது. நம் நாட்டில் தணிக்கைச் சான்றிதழிலேயே படத்தின் நீளமும் ரீல் எண்ணிக்கையும் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். குறைவது பெரும்பாலும் ரீலின் தலையிலும் வாலிலும்தான். ஒரு புரொஜெக்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது; அடிபட்டு, அறுந்து, வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் குறைந்தால் மட்டுமே ‘யாரோ வெட்டிவிட்டார்கள்’ என்ற பேச்சுக்கே இடம் உண்டு. அதற்கு முன்பே சதிக்கதை சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

ஒட்டு இருக்கும் இடத்தில் இன்னொரு குழப்பமும் வரும். 35 மி.மீ. பிரிண்டில் ஒலித்தடம் படத்தைவிட ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். அதனால் பிரேம்கள் போன இடத்தில் முதலில் படம் குதிக்கும், 0.8 நொடி கழித்து ஒலி குதிக்கும். இது தெரியாத எடிட்டர் உதடும் ஒலியும் பொருந்தவில்லை என்று நினைத்து, ரீல் முழுவதற்கும் ஒலியைத் தள்ளிவைப்பார். அதற்குப்பின் அந்த ரீலில் எதுவுமே பொருந்தாது.

இனி, பட்ஜெட்டில் யாரும் போடாத ஒரு வரி. 10 பிட் 4கே ஸ்கேனில் ஒரு முழு பிரேம் ஏறக்குறைய 51 மெகாபைட். 115 நிமிடத்துக்கு 1,65,600 பிரேம். பெருக்கினால் 8.4 டெராபைட், ஒரே படத்துக்கு, ஒரே பிரதிக்கு. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டால் பத்திரம் என்பது மூடநம்பிக்கை. ஓடாமல் கிடந்தே இறந்துபோகும் டிஸ்க்குகள் ஏராளம். எல்டிஓ-8 என்ற கணினிக் காந்த நாடா ஒன்றில் 12 டெராபைட் பிடிக்கும், ஒரு படம் தாராளமாக அடங்கும். நகல் எடுத்த கையோடு ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற எம்டி5 எண்ணை உருவாக்கிச் சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கணக்கிட்டால் எண் மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் அந்தப் பிரதி கெட்டுப்போயிருக்கிறது.

‘இவ்வளவு எதற்கு? இணையத்தில் இருக்கிறதே, இறக்கிப் போட்டுக்கொள்ளலாமே’ என்பீர்கள். அங்கே கிடைக்கும் பழைய படங்களில் பல, வீடியோ கேசட்டிலிருந்து வந்தவை. நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை நம் ஊரின் ‘பால்’ (PAL) முறை வீடியோவுக்கு மாற்றும்போது 25ஆக ஓட்டிவிடுவார்கள். 115 நிமிடப் படம் 110 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும். வெட்டு எதுவும் இல்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. கூடவே எல்லோருடைய குரலும் அரைச்சுரத்தில் முக்கால் பங்குபோல மேலே ஏறிவிடும். ‘அக்ரஹாரத்தில் கழுதை’யில் பேராசிரியராக நடித்த எம்.பி. சீனிவாசன் இசையமைப்பாளர், அவருடைய குரலையும் இசையையும் சுருதி ஏற்றிக் கேட்கவைப்பது அநியாயம். சரிசெய்ய வழி எளிது: படத்தை 24ஆக ஓடும்படி மாற்றி, ஒலியையும் அதே விகிதத்தில் 96 சதவீத வேகத்துக்கு இறக்குங்கள். ‘சுருதி மாறாமல்’ என்ற பெட்டியில் மட்டும் டிக் போடாதீர்கள், ஏறிய சுருதி இறங்க வேண்டும் என்பதுதானே நோக்கம். அடுத்த பாவம், கிட்டத்தட்டச் சதுரமாக எடுத்த சட்டகத்தை அகலத்திரைக்கு இழுத்து நிரப்புவது. முகங்கள் பூசணிக்காய் ஆகும். பக்கவாட்டில் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபியில், 1998×1080 சட்டகத்துக்குள் பழைய சட்டகம் 1480×1080 என்று அழகாக உட்காரும்.

ஒலி கேசட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. யாரோ ஒரு கூட்டத்தில் ஜான் பேசியதையோ பாடியதையோ பதிந்து வைத்திருக்கலாம். கிடைத்தால், ஓட்டும் முன் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தான் அமுங்கினாலும் அழியாது. வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட்டாதீர்கள், அது டெக்கின் தலை வழியாக அடுத்த கேசட்டுக்கும் போகும். ஒவ்வொரு கேசட்டுக்கும் தலையின் சாய்வை, உச்ச ஒலிகள் தெளிவாகக் கேட்கும்வரை, திருகிச் சரிசெய்துவிட்டு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 2 ஜிபி. இரைச்சலை நீக்கிய பிரதி ஆவணப்படத்துக்கு. நீக்காத பிரதி காப்பகத்துக்கு.

இப்போது ‘அம்ம அறியான்’ பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புருஷன் என்ற இளைஞன் டெல்லிக்குக் கிளம்பும் வழியில், வயநாட்டில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். இறந்தவன் தபலா வாசிப்பவன், ஹரி. சேதியை ஹரியின் அம்மாவிடம் சொல்லக் கொச்சிவரை போகிறான். வழிநெடுக ஆள் சேர்ந்துகொண்டே வருகிறது. புனைவுக்குள் உண்மைப் போராட்டங்களின் தடம் கலந்து கிடக்கும் படம் அது. கறுப்பு வெள்ளை, வேணுவின் ஒளிப்பதிவு, பீனா பாலின் படத்தொகுப்பு. அதிலிருந்து ஒரு ஊர்வலக் காட்சியை எடுத்து, ‘எண்பதுகளின் கேரளம்’ என்ற குரலுக்கு மேல் ஓட்டினால், செய்திப்படம் என்றே எல்லோரும் நம்புவார்கள். பார்வையாளருக்குப் பொய், ஜானுக்கோ அவமரியாதை. அவர் அமைத்த ஷாட்டை நீங்கள் வெறும் செய்தித் துணுக்காக்கிவிட்டீர்கள். டைம்லைனில் ஒவ்வொரு துணுக்குக்கும் படத்தின் பெயர், ரீல், டைம்கோடு என்று குறிப்பு இருக்க வேண்டும், முதல் தடவை வரும்போது திரையிலும் படத்தின் பெயர் வர வேண்டும்.

உரிமை விஷயத்தில் இரண்டு கட்டுக்கதைகள் உலவுகின்றன. ‘30 நொடிவரை எடுத்துக்கொள்ளலாம்’ என்பது முதலாவது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நொடிக்கணக்கே கிடையாது. 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. அதாவது, அந்தத் துணுக்கைப் பற்றி உங்கள் படம் ஏதாவது சொல்ல வேண்டும். பேட்டிக்கு இடையே சுவரொட்டிபோல ஒட்டினால் அது விமர்சனம் ஆகாது. ‘பழைய படம்தானே, யாருக்கும் சொந்தமில்லை’ என்பது இரண்டாவது. திரைப்படத்துக்கு உரிமைக்காலம், வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1977 படத்துக்கு 2037 முடியும்வரை. 1986 படத்துக்கு 2046 முடியும்வரை. உரிமை இயக்குநருக்கு இல்லை, சட்டப்படி திரைப்படத்தின் ‘ஆக்கியோன்’ தயாரிப்பாளர். ‘அம்ம அறியா’னில் இதுதான் சிக்கல். 1984இல் உருவான ஒடேஸா கூட்டமைப்பு ஊர் ஊராகப் போய் மக்களிடம் சில்லறையாகக் காசு திரட்டி எடுத்த படம் அது. காசு போட்ட எல்லோரையும் சட்டம் தயாரிப்பாளர் என்று எண்ணாது. தணிக்கைச் சான்றிதழில் தயாரிப்பாளர், விண்ணப்பதாரர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்கு 31அ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்குத் தேடியதற்கான சான்றுகள் வேண்டும். அனுப்பிய கடிதம், திரும்பி வந்த தபால் உறை, எதையும் தூக்கி எறியாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. ஒடேஸாவின் துண்டறிக்கை, ரசீது, திரையிடல் நோட்டீஸ் என்று யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது ஏதாவது கிடைத்தால், இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு, முன்பக்கத்தைவிட மதிப்பானதாக இருக்கலாம். வழக்கத்தை மீறிய இயக்குநர் என்று சொல்கிறோமே, ஜானின் மீறல் தாடியில் இல்லை, பணம் வந்த வழியில் இருக்கிறது. அதைக் காட்ட உங்களுக்குக் காகிதம் வேண்டும்.

பேட்டிகள். 1984இல் இருபது வயதில் ஒடேஸாவோடு அலைந்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஜானோடு புனேயில் படித்தவர்கள் எண்பதை ஒட்டியவர்கள். எனவே தள்ளிப்போடவும் முடியாது. ஆனால் வெறுங்கையோடு போகவும் கூடாது. ‘ஜான் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ஆயிரம் தடவை சொன்ன கதையைத்தான் ஆயிரத்தோராவது தடவையாகச் சொல்வார்கள். ஸ்கேன் செய்த காட்சியை மடிக்கணினியில் ஓட்டிக் காட்டி, ‘இந்த ஷாட்டில் கேமரா எதன்மேல் நின்றது? மின்சாரம் எங்கிருந்து இழுத்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை அடி ஃபிலிம் கையில் இருந்தது?’ என்று கேளுங்கள். கை தானாக அசையும், நினைவு வரும். முதல் தவணையைச் சுருளுக்குக் கொடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே சம்பவத்தை மூன்று பேர் சொல்வார்கள், மூவருமே அதை நேரில் பார்த்தவர்களாக இருப்பார்கள், மூன்று ஊரில் நடந்திருக்கும். சிரித்துவிட்டு விட்டுவிடாமல், பார்த்ததா கேட்டதா, எந்த வருடம், எந்த ஊர், கூட இருந்தவர் யார் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஆட்டம் காணாத தேதிகளோடு பொருத்துங்கள்: அவசரநிலை 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை, இறப்பு 1987 மே 31. ‘அவசரநிலையின்போது அம்ம அறியான் படப்பிடிப்பில்’ என்று ஒருவர் தொடங்கினால், அன்பாகத் தண்ணீர் கொடுத்து நிறுத்துங்கள்.

கருவிகள் பக்கம்: சட்டையில் ஒரு மைக், தலைக்கு மேல் கம்பில் நீட்டிய பூம் மைக், இரண்டும் தனித்தனித் தடத்தில், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட். மின்விசிறியை நிறுத்தாமல் எடுத்த பேட்டியை எந்த மென்பொருளும் முழுசாகக் காப்பாற்றாது. ஃப்ரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், அப்போதுதான் கிளம்பும்போது மறக்காமல் போட்டுவிடுவீர்கள். பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் அறையின் மௌனத்தை 60 நொடி பதியுங்கள்; வெட்டுகளுக்கு இடையே அதுதான் பூச்சு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50. 24இல் எடுத்தால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி. இல்லாவிட்டால் குழல்விளக்கு துடிக்கும்.

மலையாளப் பேட்டியைத் தமிழில் தரும்போது ‘எல்லாம் புரிகிற பாஷைதானே’ என்ற தைரியம்தான் எதிரி. மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. ‘ஜான் எனக்கு ஒரு அவசரம் தந்தார்’ என்பது ‘என்னை அவசரப்படுத்தினார்’ என்று சப்டைட்டிலில் வந்தால் பேசியவர் வழக்குப் போடலாம். ‘வெள்ளம்’ தண்ணீர், ‘வெள்ளமடி’ என்றால் மது குடிப்பது. ஜானைப் பற்றிய பேட்டியில் இந்தச் சொல் வராமல் இருக்காது. மலையாளம் தாய்மொழியான ஒருவர் முழுப் பேட்டியையும் எழுத்தில் இறக்கிய பிறகே மொழிபெயர்ப்பு. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேர வேலை என்று கூலியைக் கணக்கிடுங்கள். எடிட்டிங் மென்பொருள் தமிழ் எழுத்தைச் சிதைக்கிறதா என்பதையும் முதலிலேயே சோதியுங்கள். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறினால் வேறு எழுத்துரு, அல்லது வேறு மென்பொருள்.

ஜானின் மரணத்தைப் பற்றி: கட்டடத்தின் மேலிருந்து விழுந்தார், இறந்தார். இரண்டு வாக்கியம். நடிகரை வைத்து நடித்துக்காட்டுவதற்கும், மொட்டைமாடியை நோக்கிக் கேமரா ஏறுவதற்கும் நிதி தர மறுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நீங்கள் சேர்க்க வேண்டியது: ஸ்கேன் கோப்புகளின் ஒரு முழுப் பிரதியும், வெட்டாத பேட்டிகளும், டப்பாப் பட்டியலும் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணை. ஆவணப்படத்தில் 90 நிமிடம் வரும். வெளியே விழுந்த 60 மணி நேரம்தான் அடுத்த ஆராய்ச்சியாளருக்குச் சாப்பாடு. தேசிய விருது பெற்றும் தொலைக்காட்சியில் காட்ட முடியாமல் நிறுத்தப்பட்ட ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைப் பற்றி, அடுத்த தலைமுறை எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது.

கடைசியாக, நாள்காட்டி. ஜானின் நினைவு நாள் மே 31. கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. நினைவுக் கூட்டத்துக்குச் சுருள்களைக் கொண்டுவந்து, மேசையில் வைத்து, மூடியைத் திறந்து மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஆசை வரும். வருடத்திலேயே அதற்கு மிக மோசமான வாரம் அதுதான். சுருள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டு டப்பாவுக்குள் திரும்பிப் போகும். திறப்பது, அளப்பது, லேபுக்கு அனுப்புவது எல்லாம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடியட்டும். மே 31க்கு மூடியின் புகைப்படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, சுருள் பராமரிப்பு வேலைகளில் இருப்பவர்கள்